பாலில் கரைத்த மாத்திரை

நான் பொய் சொன்னேன். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, பிழையில்லாத தமிழில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிய ஒரு மனிதர் இன்று உயிரோடு இல்லை.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் எனக்குத் தெரியும். தமிழும் தெலுங்கும் கலந்த எல்லையோரத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியன் நான். சொற்களை வைத்துப் பிழைக்கிறவன். 'அவசரப்பட்டுவிட்டேன்' என்று எழுதிப் பார்த்தேன். 'ஆசையில் சொல்லிவிட்டேன்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்... பொய் என்பதுதான் சரியான சொல்.

நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் நோய் இருந்து, செல்போனில் வழி தேடியிருந்தால் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து, நீண்ட கூடத்தில் நடந்துபோய்த் திரும்பி வருவாள். பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக்காரர், "ஸ்டெம் செல் சிகிச்சை என் மனைவியை எனக்குத் திருப்பிக் கொடுத்தது" என்பார்.

அந்தப் பெண் என் மனைவி கோமளா. அந்தக் கண்ணாடிக்காரன் நான்.

கோமளாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் என் மாமன் மகள். குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் ஓடும் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். ஓடுகிற வண்டியில் கம்பியைத் தொடாமல் நடப்பாள்! பாகாலா வளைவில் ஆண்களே இருக்கையைப் பற்றிக்கொள்ளும்போது, இவள் ஒரு காலைச் சற்று அகட்டி வைத்து, ஒருவருக்குத் தமிழில் சில்லறை கேட்டு, அடுத்தவரைத் தெலுங்கில் அதட்டி, டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போவாள். அந்த நடையைப் பார்ப்பதற்காகவே விடுமுறை நாள்களில் வேலையில்லாமல் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை தெரியாத அளவுக்கு அவளே வீடு நிறைய இருந்தாள்.

நாற்பத்து நான்கு வயதில் அவள் கையில் டிக்கெட் மெஷின் ஆடத் தொடங்கியது. வண்டி குலுங்குகிறது என்றாள். வண்டி நின்ற பிறகும் ஆடியது. பிறகு ஒருநாள் திருப்பதி நிலையத்தில் இறங்கப் போனவளின் கால் படியிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆள்கள் நெருக்கினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவளால் காலைத் தூக்க முடியவில்லை.

"குடிச்சிட்டு டூட்டிக்கு வந்துக்கீது பாரு" என்று யாரோ சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேலூர் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மூளையில் டோபமைன் என்றொரு பொருள் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டு வருகின்றன. அந்தக் குறையை மாத்திரையால் ஈடுகட்ட வேண்டும் என்றார். மாத்திரை வேலை செய்தது. விழுங்கிச் சற்று நேரத்தில் கை இளகும், கால் நகரும், முகத்தில் பழைய கோமளா வருவாள். சில மணி நேரத்தில் மறுபடி விறைத்துப்போவாள். ஆண்டுகள் போகப் போக, இளகும் நேரம் குறைந்தது. விறைக்கும் நேரம் நீண்டது.

ஸ்டெம் செல்லைப் பற்றி நான்தான் டாக்டரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"ஆராய்ச்சி நடக்குது சார். ஸ்டெம் செல்ல லேப்ல வளர்த்து, டோபமைன் சுரக்குற செல்லா மாத்தி, ஆபரேஷன் பண்ணி மூளைக்குள்ள வெக்கிறாங்க. வெளிநாட்டுல சில பேருக்குச் செஞ்சு பாத்திருக்காங்க. எனக்கும் நம்பிக்கை இருக்கு. ஆனா உங்க சம்சாரத்துக்கு நாளைக்கே செய்யலாம்னு நான் சொன்னா அது பொய்."

"திருப்பதியில ஒரு கிளினிக்ல செய்யறாங்களாமே?"

"இடுப்பெலும்புல மஜ்ஜைய உறிஞ்சி முதுகுல ஊசி போடறாங்க. நான் சொன்னது வேற, அது வேற. நிஜமான ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க. போவாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது! கோமளாவின் தம்பி சேகரும் அன்று கூட இருந்தான். அவனுக்கும் புரிந்தது. பேருந்தில் திரும்பும்போது, "மாமா, அந்தத் திருப்பதி ஆசைய உட்டுடு" என்றான். அவன் சொன்னான் என்பதற்காகவே எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறியது. இவன் என்ன சொல்வது? என் பெண்டாட்டியைப் பற்றி இவனுக்கென்ன தெரியும்?

பாருங்கள், எவ்வளவு சின்னக் காரணம்...

கோமளா போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீ சொன்னா சரி மாமா" என்றாள். வாழ்நாளில் அவள் அப்படிச் சொன்னவளே இல்லை. எதிர்த்துப் பேசுகிறவள். நோய் அவள் குரலையும் மெலிய வைத்திருந்தது. எதிர்த்துப் பேசக் கூட மூச்சு வேண்டுமே!

கிளினிக் பளபளவென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏழுமலையான் படம், அதற்கு மாலை. இடுப்பெலும்பில் துளையிட்டு மஜ்ஜை எடுத்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மஜ்ஜையை ஏதோ இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்ததை எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டார்கள். தீர்ந்தது வேலை.

அதற்குப் பிறகு ஒரு வாரம்... அந்த வாரத்தை என்னவென்று சொல்வது? அவள் நன்றாகத்தான் இருந்தாள். தானே எழுந்தாள். தானே தலை வாரினாள். சேகருக்குப் போன் செய்து, "உன் டாக்டர் இன்னாடா சொன்னாரு?" என்று சீண்டினாள். நம்பிக்கையும் சில நாள்களுக்கு மருந்தாக வேலை செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை. நான் அழுதேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் சந்தோஷத்தில் அழுதேன்.

அந்த வாரம் முடிந்தது. கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. கை மறுபடி ஆடியது. மறுபடி நானே அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் கிளினிக்கின் மேனேஜர் போன் செய்தார். "அம்மா நடக்கிறதை ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா சார்? நீங்க வாத்தியார். நீங்க ரெண்டு வார்த்த சொன்னா ஜனம் நம்பும்" என்றார்.

முடியாது, அவள் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொற்கள் கூட ஆகாது. ஏன் சொல்லவில்லை? சேகர் பார்ப்பான் என்று நினைத்தேன். வேலூர் டாக்டர் கூடப் பார்க்கக்கூடும் என்று நினைத்தேன். என் முடிவு தவறவில்லை என்று ஊருக்குக் காட்ட ஒரு வாய்ப்பு. சரி என்றேன்.

மறுநாள் காலை கோமளா கட்டையாகக் கிடந்தாள். வழக்கமான மாத்திரையைக் கொடுத்துத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். காரில் தோளில் சாய்ந்தே வந்தாள். கிளினிக்குக்கு எதிரில் ஒரு ஓட்டலில் பால் வாங்கினேன். இன்னொரு மாத்திரையை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கி, அந்தப் பாலில் கரைத்தேன். டாக்டர் எழுதித் தராத மாத்திரை அது. அவள் முகம் சுளித்தாள்.

"இன்னா மாமா கசக்குது?"

"சத்து மருந்து. கிளினிக்ல குடுத்தாங்க. குடி."

குடித்தாள். நான் கொடுத்தால் எதையும் குடிப்பாள்.

மேனேஜர் கேமராவைத் தயார் செய்வதற்குள் அவள் இளகிவிட்டாள். எழுந்தாள். நடந்தாள். வீடியோவில் அவள் தலையும் தோளும் மெல்ல ஆடி அசைவதைக் கவனித்தீர்களா? சந்தோஷத்தில் துள்ளுகிறாள் என்று பலர் நினைத்தார்கள். மாத்திரை அதிகமானால் உடம்பு அப்படித்தான் தானாக நெளியும். அவள் சிரித்தது மட்டும் நிஜம். செல்கள் வேலை செய்கின்றன என்று நம்பிச் சிரித்தாள்...

"மாத்ரலு ஏமைனாயி?" என்று தெலுங்கில் கேட்டார் மேனேஜர். மாத்திரைகள் என்ன ஆயின என்று.

"நிறுத்திவிட்டோம்" என்றேன். தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை.

அந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. சூளூர்பேட்டையிலிருந்து மஞ்சுளா என்ற பெண். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கும் இதே நோய். கிளினிக்கில் என் போன் எண்ணை வாங்கியதாகச் சொன்னாள்.

"சார், வீடியோவ பத்து வாட்டி பாத்துட்டோம் சார். நைனா உங்க வீட்டம்மா நடக்கறதப் பாத்துட்டு, என்னையும் அங்க இட்டுக்கினு போன்னு ஒரே அடம். நெஜமாவே மாத்திர எல்லாம் நிறுத்திட்டீங்களா சார்?"

கேமராவுக்குச் சொன்ன பொய்யைக் கூட விடுங்கள். அது கூட்டத்துக்குச் சொன்னது. இது ஒரே ஒருத்தி, நேராக என்னிடம், நம்பிக் கேட்ட கேள்வி. அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லவிடாமல் என்னைத் தடுத்தது யார்? யாருமில்லை. கோமளா அடுத்த அறையில் அடுத்த மாத்திரைக்காகக் காத்துக் கிடந்தாள்.

"ஆமாம்மா. எல்லாம் நிறுத்தியாச்சு."

"கொஞ்சம் கொஞ்சமாவா சார், ஒரேடியாவா?"

"ஒரேடியாத்தான்."

அவள் எத்தனையோ முறை நன்றி சொன்னாள்.

அந்தப் பெரியவருக்கும் ஊசி போட்டார்கள். அவருக்கும் முதல் சில நாள்கள் நன்றாக இருந்தது. எங்களுக்கு வந்த அதே பொய்யான நாள்கள். அவர்கள் மாத்திரையை நிறுத்தினார்கள்... ஒரேடியாக.

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தாதீர்கள்! உடம்பு மரமாக இறுகும். காய்ச்சல் கொதிக்கும். விழுங்க முடியாது. நினைவு தப்பும். அவருக்கு அத்தனையும் வந்தது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மஞ்சுளாவே சொன்னாள். காரியம் முடிந்த மறுநாள் மதியம் போன் செய்தாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்...

"சார், நைனா போயிட்டாரு. மாத்திரைய சட்டுனு நிறுத்துனதாலதான்னு டாக்டர் சொன்னாரு. நீங்களும் அப்படித்தான நிறுத்துனீங்க? அதான் சார் மனசு கேக்கல. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆவலையே? ஜுரம் கிரம் வந்தா வுட்டுடாதீங்க சார், ஒடனே இட்டுக்கினு போயிடுங்க."

அப்பாவைப் பறிகொடுத்தவள், என் மனைவியின் உயிருக்குப் பயந்து என்னை எச்சரிக்கப் போன் செய்திருக்கிறாள்!

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கோமளா ஒருக்களித்துக் கிடந்தாள். தானாகப் புரண்டு படுக்க முடியாது. நான்தான் புரட்டிவிட வேண்டும். அதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். "அவ நல்லா இருக்கா. நடந்துக்கினுதான் இருக்கா."

போனை வைத்தேன். கோமளா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். அந்த நோயில் கண் சிமிட்டுவது குறைந்துபோகும். ஆனால் அந்தப் பார்வை நோயால் வந்ததல்ல.

"யாரு நடக்கறா?" என்றாள்.

குரல் மிக மெல்லியது. குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். நான் குனிந்தேன்.

"யாரு மாமா நடக்கறா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலில் கரைத்ததிலிருந்து மஞ்சுளாவின் போன்வரை. சொல்லும்போது அவளைப் புரட்டிவிடக் கூட மறந்துபோனேன். ஒரே பக்கமாகக் கிடந்தபடியே கேட்டாள். கண்ணீர் மூக்குத்தண்டைத் தாண்டி மறு கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை, துடைக்க எனக்குத் தைரியமில்லை.

"நான் நெசமா நடந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அப்புறம், "போயி சொல்லிட்டு வா. அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லு. போன்ல சொல்லாத" என்றாள்.

அதற்கு முன்பே கிளினிக்குக்குப் போய் வீடியோவை எடுக்கச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. அவள் சொன்ன பிறகுதான் போனேன். எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஆனால் அதற்குள் யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அடியில் நான் எழுதிய மறுப்பை ஒருவரும் மதிக்கவில்லை. 'நீ யார்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நான்தான் அதில் இருப்பவன் என்று எழுதினேன். சிரிக்கும் பொம்மைகளைப் பதிலாகப் போட்டார்கள்.

சேகரை வரவழைத்துக் கோமளாவிடம் விட்டுவிட்டுச் சூளூர்பேட்டைக்குப் போனேன். மஞ்சுளாவின் கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரம். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை வீடியோவில் பார்த்திருந்தாளல்லவா, உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. துக்கம் விசாரிக்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"வாங்க சார், வாங்க. மொதல்ல துன்னுங்க. அப்பறம் பேசலாம்."

இட்லி வைத்தாள். மீன் குழம்பு ஊற்றினாள். சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? சாப்பிட்டேன். அவள் இன்னும் ஒன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்! அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரியில் படகு ஓட்டியவராம். நோய் வந்த பிறகு கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாராம். கை ஆட்டத்தில் பாதி கீழே விழுமாம். "கண்ணு எரியுதுன்னு அழுவாரு சார், கோவத்துல அழுவறாரா எரிச்சல்ல அழுவறாரான்னே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே சொன்னேன். என் மனைவி நடக்கவில்லை. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. வீடியோவுக்காக ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன். நீ கேட்டபோதும் பொய்தான் சொன்னேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டை என் முகத்தில் எறிந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுப்பை அணைத்தாள். ஈரத் துணியால் மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நான்தான் சார் மாத்திர டப்பாவ எடுத்து மேல வெச்சேன்" என்றாள். "நைனா கேட்டாரு. ஒண்ணே ஒண்ணு குடு, ஒடம்பு இறுவுதுன்னு கேட்டாரு. வாத்தியாரு வீட்டம்மா மாத்திர இல்லாமதான் நடக்கறாங்க, நீயும் கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொன்னேன்."

நான் கைகூப்பினேன். அவள் பார்க்கவில்லை.

"நைனா போனப்பறம் ஒரே ஒரு நெனப்புலதான் சார் இருந்தேன். நமக்குத்தான் ஒத்துக்கல, அந்த அம்மாவாச்சும் எழுந்து நடக்கறாங்களேன்னு. கண்ண மூடுனா அவங்க நடக்கறதுதான் வரும்... அதையும் எடுத்துட்டீங்களே சார்."

பிறகு, "போங்க சார்" என்றாள். "இனிமே வராதீங்க."

நான் எதற்காகப் போனேன்? அவளுக்கு உண்மையைக் கொடுக்கவா? என் பாரத்தை இறக்கி வைக்கவா? இறக்கி வைத்தேன்... அவள் தலையில்! அதுவரை விதி என்று நினைத்துத் தேறி வந்தவள், இனி ஒவ்வொரு நாளும் அந்த மாத்திரை டப்பாவைக் கைக்கெட்டாத இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாள். சொல்லாமல் இருந்திருந்தாலும் பாவம். சொன்னதும் பாவமாயிற்று. எது சிறியது? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.

ரயிலிலும் பேருந்திலுமாக வீடு வந்து சேர்ந்தேன். மாலை வெயில் இன்னும் இருந்தது. சேகர் கிளம்பிப் போனான். கோமளாவுக்குக் கஞ்சி ஆற்றி ஸ்பூனில் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் விழுங்க நேரம் எடுத்தது. பாதிக் கிண்ணத்தில் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நோய் அந்த முகத்தில் எந்த உணர்ச்சியையும் விட்டு வைக்கவில்லை. ஆனால் விரல்கள் என் மணிக்கட்டை விடவில்லை. அந்த வீடியோவில் நடந்தவள் அவள். தன் கால்களை நம்பித்தான் ஒருவர் செத்தார் என்று அவளும் சுமந்துகொண்டிருந்தாள். நான் செய்ததற்கு!

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா" என்றேன்.

கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். நீண்ட மூச்சொன்று வந்தது. "நல்ல பொண்ணு" என்றாள். பிறகு மீதிக் கஞ்சியைக் குடித்தாள்.

இப்போதும் சில நாள்களில், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், "மஞ்சுளா எப்படிக் கீறா? ஒரு போன் போடேன் மாமா" என்பாள். "போட்டேன், நல்லா இருக்கா" என்பேன்.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.